கண்டென்சரும் மண்பானையும்

வங்களாவடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வாகனம் வருகிறதா என்று எட்டிப் பார்க்கத் தேவையில்லை. முதலில் நெஞ்சாங்கூட்டில் இடிக்கும், பிறகுதான் வாகனம் தெரியும். பண்ணைத் தாம்போதியைக் கடந்து அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு என்று குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் இந்த இடிதான். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் இன்னும் கூடும். சாட்டிக் கடற்கரைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற வான்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த இடிக்குப் பெடியள் வைத்திருக்கிற பெயர் ‘பேஸ்’. ஓட்டோவின் மதிப்பு இப்போது எஞ்சினில் இல்லை, பேஸில் இருக்கிறது.

என் மருமகன் சென்ற வருடம் ஓட்டோ வாங்கினான். பின் இருக்கைக்கு மேலே இரண்டு ஸ்பீக்கர், இருக்கைக்குக் கீழே ஒரு சின்ன அம்ப். எல்லாம் பூட்டி முடித்த பிறகும் அவன் முகத்தில் திருப்தி இல்லை. “பேஸ் காணாது மாமா” என்று இரண்டு கிழமை புலம்பினான். ஒருநாள் பின்னேரம் வீட்டு வாசலில் வந்து ஹோர்ன் அடித்தான்.

“மாமா, கண்டென்சர் போட்டிருக்கிறன். ஏறி இருந்து கேட்டுப் பாருங்கோ.”

ஏறி இருந்தேன். நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டான். நாதஸ்வரம் கூர்மையாகக் கேட்டது. தாளம் துல்லியமாகக் கேட்டது. தவிலின் தொப்பியைத்தான் காணவில்லை. வாசிப்பவர் ஒரு கையைக் கட்டிக்கொண்டு வலந்தலையில் மட்டும் வாசிக்கிறாரோ என்று சந்தேகம் வந்தது.

“எப்பிடி மாமா, கிளியரா இருக்கல்லோ?”

கிளியராகத்தான் இருந்தது. சின்ன ஸ்பீக்கர் தன்னால் தாங்க முடியாத பாரத்தை இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாகப் பாடிக்கொண்டிருந்தது. அந்தப் பாரத்தின் பெயர்தான் பேஸ் என்பதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்குக் கொள்ளளவி என்று பெயர். கடையில் கேட்டால் கண்டென்சர். இரண்டு உலோகத் தகடு, இடையில் மின் கடத்தாத ஒரு படலம், அவ்வளவுதான். மின்னோட்டம் அதை ஊடுருவிப் போவதில்லை. ஒரு பக்கத்தில் ஏற்றம் நிறைகிறது, மறுபக்கத்தில் அதே அளவு வெளியேறுகிறது. குறிகட்டுவானில் சின்ன வள்ளம் ஒன்று நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் ஏறி, உடனே இறங்கி, மறுபடி நாலு பேர் ஏறினால் வள்ளத்துக்குக் கரைச்சல் இல்லை. திருவிழாச் சனம் முழுக்க ஒரே பக்கமாக வந்து ஏறிக்கொண்டே இருந்தால்? வள்ளம் நிறைந்துவிடும், மிச்சச் சனம் இறங்குதுறையில் நிற்கும். கீச்சுச் சத்தம் வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திசை மாறுகிறது, ஆகையால் அது ஏறி இறங்கிப் போய்விடும். பேஸ் வினாடிக்கு ஐம்பது, அறுபது தடவைதான் போய்வருகிறது. அது பாதி வழி வருவதற்குள் வள்ளம் நிறைந்துவிடுகிறது.

மருமகன் போட்டது 100 மைக்ரோபரட். ஸ்பீக்கர் 4 ஓம். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: தடுப்பு ஏறக்குறைய 400 ஹேர்ட்ஸில் தொடங்குகிறது. அதற்குக் கீழே மீடிறன் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் ஸ்பீக்கருக்குப் போகிற வலு ஏறத்தாழக் கால்வாசியாகக் குறையும். பேஸ் கிற்றாரின் மிகத் தடித்த நரம்பு 41 ஹேர்ட்ஸில் ஒலிப்பது. 400 எங்கே, 41 எங்கே! பேஸ் கூடுவதற்காக வாங்கிய சாமான், பேஸ் உள்ளே வராமல் படலையில் காவல் நின்றது.

கீச்சுச் சத்தத்துக்கென்று இருக்கும் ட்வீற்றரின் பின்னால் தொங்குகிற சின்னக் கண்டென்சர் இந்த வேலையைத்தான் செய்கிறது. அங்கே அது தேவை. 8 ஓம் ட்வீற்றருக்கு 4.7 மைக்ரோபரட் போட்டால் ஏறக்குறைய 4,200 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் மெலியும், ட்வீற்றரின் மெல்லிய சுருள் எரியாமல் தப்பும். ட்வீற்றரின் காவல்காரனைக் கொண்டுவந்து பேஸுக்கென்று இருக்கும் வூபரின் வாசலில் நிறுத்தினால் வேறு என்ன நடக்கும்?

இதை நான் பகிடியாகச் சொன்னாலும், இந்த நம்பிக்கையைப் பகிடி பண்ண எனக்கு மனம் வருவதில்லை. எங்கள் ஊரில் கண்டென்சருக்கு நல்ல பெயர் இருக்கிறது. உழைத்துச் சம்பாதித்த பெயர்.

1990இன் நடுப்பகுதியில் போர் மீண்டும் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. அந்த ஓகஸ்ட்டில் இராணுவம் தீவுப்பகுதிக்குள் இறங்க, எங்கள் சனத்தில் பெரும்பகுதி பண்ணைக்கு அப்பால் போய் அகதியாக இருந்தது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் இல்லாமல் எப்படியோ சமாளித்த சனத்துக்குச் செய்தி இல்லாமல் இருக்க முடியவில்லை. எந்த ஊரில் குண்டு விழுந்தது, யார் பேச்சுவார்த்தைக்கு வருகிறார்கள் என்று இரவில் பிபிசி தமிழோசையோ வெரித்தாஸோ சொன்னால்தான் தெரியும். றேடியோ இருக்கிறது, போடப் பற்றரி இல்லை.

அப்போது கண்டுபிடித்த வழிதான் சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்பார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் செய்தி என்றால் கைநோவு. செய்தி வாசிப்பவர் முக்கியமான இடத்துக்கு வரும்போது பெடல் சுற்றுகிறவன் தானும் காது கொடுத்துக் கேட்க வெளிக்கிட்டால் கை தளரும், றேடியோ முனகி அடங்கும். “டேய், சுத்தடா!” என்று நாலு பக்கத்தாலும் ஏச்சு விழும்.

சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற் என்று கணக்கு. ஆனால் அது தருவது ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். நேராக இணைத்தால் செய்தி வராது. அதனால் நாலு டயோட்டை வைத்து ஓட்டத்தை ஒரு திசைக்குத் திருப்பினார்கள். திருப்பியும் தீரவில்லை. திசைதான் ஒன்றானது, துடிப்பு அப்படியே இருந்தது. டைனமோ எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவுக்கு ‘ங்ங்ங்’ என்று ஓர் இரைச்சல் செய்தியின் மேல் ஏறி உட்கார்ந்தது. அந்த இடத்தில்தான் கண்டென்சர் வந்தது. 1000, 2200 என்று எழுதிய ஒரு சிறு உருளை. டயோட்டுக்குப் பிறகு அதைக் குறுக்கே வைத்ததும் இரைச்சல் அடங்கிக் குரல் தெளிந்தது. சுவரில் ஊற்றுக் கசிவது போல வந்த செய்தி, வாய்க்கால் தண்ணீர் போல ஓடியது.

நான் அப்போது பள்ளிக்கூடப் பெடியன். இடம்பெயர்ந்திருந்த வீட்டுக்கு முன்னால் றேடியோ திருத்துகிற ஒருவர் இருந்தார். பழுதான நஷனல், பிலிப்ஸ் பெட்டிகளின் வயிற்றிலிருந்து கண்டென்சரைக் கழற்றி, மீன் வெட்டிப் பிரிக்கிற மாதிரி அளவு பார்த்து, பேணிகளில் போட்டு வைத்திருப்பார். பால்மாப் பேணி நிறையக் கண்டென்சர் வைத்திருந்தவர் அந்த நாட்களில் பெரிய மனிதர். ‘கண்டென்சர் போட்டால் சத்தம் நல்லா வரும்’ என்பது அன்றைக்கு முழு உண்மை. அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகள்தான் இன்றைக்கு ஓட்டோ ஓட்டுகிறார்கள். இடையில் ஒரு சொல் மாறிவிட்டது. அப்பாமார் சொன்னது மின்சாரம் வருகிற வழியில் வைத்த கண்டென்சரைப் பற்றி. பிள்ளைகள் அதைச் சத்தம் போகிற வழியில் வைக்கிறார்கள்.

நல்ல பெயர் வாங்கித் தந்த வேலைகள் வேறும் இருக்கின்றன. பழைய கசற் பெட்டிகளில் ஒற்றை மின்வழங்கலில் வேலை செய்யும் அம்ப்தான் இருக்கும். அப்படியான அம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு கண்டென்சர் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நேரோட்டம் போய் ஸ்பீக்கர் சுருளை எரித்துவிடும். வருடம் போகப்போக அதன் உள்ளே இருக்கிற திரவம் வற்றும். கொள்ளளவு குறையும், பேஸ் மெலியும். திருத்துகிறவர் அதைக் கழற்றிப் புதிதாகப் போட்டதும் பேஸ் திரும்பி வரும். 220 இருந்த இடத்தில் 1000 போட்டால் இன்னும் இறங்கி வரும். பார்த்துக்கொண்டு நின்றவருக்கு என்ன தெரியும்? ‘கண்டென்சர் போட்டார், பேஸ் வந்தது.’ உண்மையில் நடந்தது, ஏற்கெனவே இருந்த ஓர் ஒடுக்கமான படலையை அகலமாக்கியது. படலையே இல்லாத இடத்தில் புதிதாகப் படலை போட்டால் வழி அகலமாகுமா?

பிறகு கூரை மின்விசிறி. வேகம் குறைந்தால் 2.5 மைக்ரோபரட் கண்டென்சரை மாற்றுகிறோம், விசிறி பறக்கிறது. கிணற்று மோட்டர் உறுமிக்கொண்டு நின்றாலும் கண்டென்சர்தான். கண்டென்சர் என்றால் பலம் என்று எங்கள் வீடுகள் நம்புவதற்கு இவ்வளவு காரணம் போதாதா?

தொடராக வைத்தது சரிவரவில்லை என்றதும் மருமகன் சும்மா இருக்கவில்லை. யாரோ கைபேசிக் காணொளியில் காட்டினார்களாம், ஸ்பீக்கரின் இரண்டு முனைக்கும் குறுக்கே வைக்க வேண்டுமாம். இது முதலாவதைவிட மோசமான யோசனை. முதலாவது பேஸைத்தான் தின்னும். இது அம்பைத் தின்னும்.

நியாயம் என்னவென்றால், குறுக்கே வைத்த கண்டென்சர் கீச்சுச் சத்தத்துக்குக் குறுக்குவழி கொடுக்கும், ஆகவே ஸ்பீக்கரில் பேஸ் மட்டும் மிஞ்சும் என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெரிய கம்பனிகளின் ஸ்பீக்கர்ப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தாலும் வூபருக்குக் குறுக்கே கண்டென்சர் இருக்கும். ஆனால் அதற்கு முன்னால் தடித்த செப்புக் கம்பிச் சுருள் ஒன்றும் இருக்கும். கீச்சை மறிப்பது முதலில் அந்தச் சுருள்தான், மிஞ்சியதை வழித்துத் துடைப்பதே கண்டென்சரின் வேலை. செம்பு விலை, சுருள் சுற்றவும் நேரம் பிடிக்கும். எனவே பார்த்தவர்கள் சுருளை விட்டுவிட்டுக் கண்டென்சரை மட்டும் நகலெடுத்தார்கள்.

சுருள் இல்லாமல் வைத்தால் நடப்பது வேறு. 100 மைக்ரோபரட் கண்டென்சர் 1,000 ஹேர்ட்ஸில் 1.6 ஓம்தான் எதிர்ப்புக் காட்டும். 10,000 ஹேர்ட்ஸில் 0.16 ஓம். அதாவது அம்பின் இரண்டு முனையையும் ஒரு கம்பித் துண்டால் தொடுத்துவிட்ட மாதிரி. அம்ப் தன்னால் இயன்றவரை மின்னோட்டத்தைக் கொட்டும், சூடேறும். போதாக்குறைக்கு, இப்படியான பாரம் தொங்கினால் சில அம்ப்கள் காதுக்குக் கேட்காத உயர்ந்த மீடிறனில் தாமாகவே அதிரத் தொடங்கும். பாட்டு ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருக்கும், உள்ளே சில்லு வெந்துகொண்டிருக்கும். மருமகனின் அம்ப் சாட்டி மாதா கோயில் வரைதான் போனது.

நல்ல வேளை, கண்டென்சர் வெடிக்கவில்லை. கடைகளில் மலிவாகக் கிடைக்கிற உருளைக் கண்டென்சர் அனேகமாக நேர், மறை முனை குறித்தது. அதை ஆடலோட்டத்தில் வைத்தால் ஒவ்வொரு வினாடியும் பல தடவை தலைகீழாகப் பூட்டுகிற கதைதான். உள்ளே சூடாகி வாயு சேரும். உருளையின் தலையில் சிலுவை போலவோ வேறு வடிவிலோ ஒரு கீறல் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்துக்கு இட்டதென்று நினைக்க வேண்டாம், வாயு வெளியேற விட்ட வழி அது. மிகச் சின்னக் கண்டென்சர்களில் அந்த வழியும் இருக்காது. ஓட்டோவில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இதை ஒருதரம் யோசிக்க வேண்டும்.

கார், வான் வைத்திருப்பவர்களின் வியாதி இன்னும் விலை கூடியது. ஒரு பரட் கொள்ளளவுள்ள பெரிய கண்டென்சர், நீல விளக்கு எரியும், வோல்ற் இலக்கம் காட்டும். பேஸ் இடிக்கும்போது பற்றரி தளராமல் தாங்கும் என்று விற்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். 14 வோல்ற் 13 ஆக இறங்கும் நேரத்தில் அந்தக் கண்டென்சர் தருவது 13.5 ஜூல். 500 வாற் இழுக்கிற அம்புக்கு அது 0.027 வினாடிக்குப் போதும். கண் இமைக்கும் நேரத்தில் கால்வாசிகூட இல்லை. தடித்த வயரும் நல்ல பற்றரியும் வாங்கினால் பலன் கூட.

சரி, பேஸ் எங்கேதான் இருக்கிறது? காற்றில். தாழ்ந்த சுரம் கேட்க வேண்டுமானால் நிறையக் காற்றை நகர்த்த வேண்டும். 100 ஹேர்ட்ஸில் கேட்கிற அதே சத்தம் 50 ஹேர்ட்ஸிலும் கேட்க வேண்டுமென்றால் ஸ்பீக்கரின் கூம்பு நாலு மடங்கு தூரம் முன்பின் போய்வர வேண்டும். 4 அங்குல ஸ்பீக்கரின் பரப்பைப்போல 12 அங்குல ஸ்பீக்கருக்கு ஒன்பது மடங்கு பரப்பு. சின்ன ஸ்பீக்கர் பாவம், எவ்வளவுதான் துள்ளும்?

காற்றை நகர்த்தினாலும் போதாது, நகர்த்தியதைக் காப்பாற்றவும் வேண்டும். கூம்பு முன்னால் போகும்போது முன்பக்கக் காற்று நெருக்கப்படுகிறது, பின்பக்கக் காற்று தளர்கிறது. ஸ்பீக்கரை வெறுமனே தொங்கவிட்டால் பேஸின் நீண்ட அலைகள் ஓரத்தால் சுற்றி வந்து ஒன்றையொன்று விழுங்கிவிடும். 50 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 7 மீற்றர். கையகல ஸ்பீக்கரைச் சுற்றி வர அதற்கு என்ன தடை? அதனால்தான் பெட்டி.

இதை எங்கள் ஆட்கள் புத்தகம் படிக்காமலே கண்டுபிடித்திருந்தார்கள். மண்பானை! தண்ணீர் வைக்கிற பானையின் வாயில் ஸ்பீக்கரை மல்லாக்க வைத்து, ஓரத்தைத் துணியாலோ களிமண்ணாலோ அடைத்துவிடுவார்கள். பின்பக்கக் காற்று பானைக்குள் அடைபடும், முன்பக்கப் பேஸ் தப்பிப் பிழைக்கும். அடுப்படியில் பானையைக் காணவில்லை என்று அம்மா தேடினால் பாட்டுக் கேட்கிற திசையில் போனால் போதும். யாழ்ப்பாணத்தில் மட்டுமில்லை, தமிழ்நாட்டிலும் இதே கதைதான். குறை இல்லாமலும் இல்லை. பானைக்கென்று ஒரு சுரம் உண்டு. பாட்டு அந்தச் சுரத்தைத் தொடும் போதெல்லாம் பானை தன்பாட்டில் ஊதும், மற்ற நேரம் பாடகர் கிணற்றுக்குள் இருந்து கதைப்பது போலிருக்கும். ஆனாலும் பானை சரியான திசையில் வைத்த அடி. கண்டென்சர் எதிர்த்திசையில் வைத்த அடி.

மிருதங்கக்காரரைப் பாருங்கள். கச்சேரிக்கு முன் தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டுகிறார். தோலின் பாரம் கூடுகிறது, சுரம் இறங்குகிறது. ஸ்பீக்கரின் நடுவில் நாணயக்குற்றி ஒட்டுகிற பெடியளும் அதே விஞ்ஞானத்தைத்தான் செய்கிறார்கள், ரவைக்குப் பதில் குற்றி. அவர்களைக் கண்டென்சர்க்காரரோடு சேர்த்து நான் ஏசமாட்டேன். சுரம் உண்மையாகவே இறங்கும். ஆனால் மொத்தச் சத்தம் குறையும், குற்றி நடுவில் சரியாக நிற்காவிட்டால் கூம்பு சரிந்து சுருள் உராயும்.

இன்றைக்கு நாம் பாவிக்கிற சுருள் ஸ்பீக்கரின் வடிவத்தை அமெரிக்காவில் ரைஸ், கெலொக் என்ற இருவர் 1925இல் வெளியிட்டார்கள். அதே வருடம் டிசம்பரில்தான் கொழும்பில் வானொலி தொடங்கியது. 1954இல் எட்கர் வில்ச்சர் காற்றுப் புகாமல் மூடிய சின்னப் பெட்டியிலிருந்து பெரிய பேஸை எடுத்துக் காட்டினார். எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லீற்றர் பெட்டி என்று கணக்குப் போடும் முறையைத் தந்தவர்கள் தீல், ஸ்மோல் என்ற அவுஸ்திரேலியாவில் உழைத்த இருவர். 1960களிலும் 70களிலும் வந்த அந்தக் கணக்கில்தான் இன்றைக்கும் உலகம் பெட்டி அடிக்கிறது. நூறு வருடமாக இந்தத் துறையின் மூளை முழுக்கப் பெட்டிக்குள் இருக்கும் காற்றைப் பற்றியே யோசித்திருக்கிறது.

ஒரு சின்ன முறைப்பாடும் எனக்கு உண்டு. பேஸ் சுவருக்கு அடங்காதது. பக்கத்து வளவில் பாட்டுப் போட்டால் பாட்டு வராது, இடி மட்டும் வரும். ஒலிபெருக்கிகளுக்கு இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் அனுமதிப்பத்திரம் கொடுப்பதை உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் மட்டுப்படுத்தியது. தீவில் எத்தனை பேருக்கு அது ஞாபகம் இருக்கிறதோ!

பேஸ் குறைகிறது என்று நினைக்கிறவர்கள் கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை சில உண்டு. எங்கள் உப்புக் காற்றில் ஸ்பீக்கர் முனைகள் பச்சை பூத்திருக்கும், உரசித் துடையுங்கள். கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் உக்கியிருந்தால் அதை மாற்ற வேண்டும், வேறு வைத்தியம் கிடையாது. பெட்டியில் ஓட்டை இருந்தால் அடையுங்கள். ஸ்பீக்கரைச் சுவர் மூலைக்குத் தள்ளிப் பாருங்கள், காசில்லாத பேஸ் கொஞ்சம் கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் முதல் வயரைப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றின் நேர் முனையும் மறை முனையும் இடம் மாறியிருந்தால் ஒரு கூம்பு முன்னால் போகும்போது மற்றது பின்னால் போகும். பேஸ் இரண்டுக்கும் நடுவில் செத்துவிடும். அம்பிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு ஒரு 1.5 வோல்ற் பற்றரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொடுங்கள். பற்றரியின் நேர் முனை ஸ்பீக்கரின் நேர் முனையில் பட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் அசைந்தால் சரி.

மருமகனின் ஓட்டோவிலும் தொட்டுப் பார்த்தோம். இடப்பக்க ஸ்பீக்கர் உள்ளே போனது, வலப்பக்க ஸ்பீக்கர் வெளியே வந்தது. வயரை மாற்றிப் பூட்ட ஐந்து நிமிடம் எடுத்தது. அம்ப் மட்டும் புதிதாக வாங்க வேண்டி வந்தது.